ஆடு இருமுகிறது, யாருக்குத் தெரிய வேண்டும்? ரந்தாவ் பக்கத்துப் பட்டிகளில் சளி வைரஸ் கண்காணிப்பு

#1 ரந்தாவ்_பட்டி

வணக்கம். மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்து ரந்தாவ் பட்டணத்துக்குப் பின்னால், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஆடு வளர்க்கிறேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு தௌக்கே (வியாபாரி) லோரியில் கொண்டுவந்த ஆடுகளை எங்கள் பக்கத்தில் நான்கு பட்டிக்காரர்கள் பங்கு போட்டு வாங்கினோம். ஒரு வாரம் ஆவதற்குள் நான்கு பட்டியிலும் இருமல். மூக்கில் முதலில் தண்ணீராக ஒழுகியது. இரண்டு மூன்று நாளில் கெட்டியாகி, மஞ்சள் பொருக்காக மூக்கு ஓட்டையை அடைத்துக்கொண்டது. பெரிய ஆடுகள் தீனி எடுக்கின்றன. பால் மறந்த குட்டிகள்தான் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. பக்கத்துப் பட்டியில் குட்டி செத்தும் போயிற்று.

மருந்து கேட்டு இந்த இழையைத் தொடங்கவில்லை. ஊசி மருந்து கடையில் கிடைக்கிறது, எல்லாரும் போடுகிறோம். என் மனதை அறுப்பது வேறு. மற்ற மூன்று பட்டியிலும் இருமல் இருக்கிறது என்பது எனக்குக் கோயில் கமிட்டிக் கூட்டத்தில், பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. அதுவரை அவரவர் பட்டியில் மட்டும்தான் இருமல் என்று அவரவர் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு சளி வைரஸ் நம் ஊருக்குள் பட்டி விட்டுப் பட்டி போகிறது என்றால், அதைக் கண்காணிக்க நம்மைப் போன்ற சிறிய ஆட்கள் என்ன செய்ய முடியும்? பெரிய பண்ணைகளில் எப்படிச் செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பால்காரம்மா_லாபு

தம்பி, இங்கே லாபு பக்கமும் கன்றுக்குட்டிகளுக்கு இருமல்தான். மழை தொடங்கினால் வரும், போகும். நீங்கள் கேட்பது நல்ல கேள்வி. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? நாங்கள் மாடு கட்டியிருப்பது கம்பெனி நிலத்தின் ஓரத்தில். அப்பா காலத்தில் தோட்டத்து மேனேஜரே மாடு வைத்துக்கொள்ளச் சொன்னார். இப்போது இருக்கிறவர்கள் மாடு செம்பனைக் கன்றைத் தின்கிறது, வெளியே கொண்டுபோ என்கிறார்கள். இந்த நிலையில் போய் "என் மாட்டுக்கு ஏதோ வைரஸ்" என்று எழுதிக் கொடுத்தால், மாட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள், எங்களையும் சேர்த்து. இங்கே பலர் வாயைத் திறக்காததற்குக் காரணம் இதுதான்.

#3 ஆய்வகத்_தம்பி

கால்நடை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் முக்கியம். அக்கா சொன்ன பயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் பட்டிக்காரர் அண்ணன் கேட்டது.

ஆடு இருமுவதற்கு ஒரே காரணம் கிடையாது. பாராஇன்ஃப்ளுயன்சா-3, சுவாச சின்சிஷியல் வைரஸ், அடினோவைரஸ் என்று பல வைரஸ்கள் உண்டு. இவை பெரும்பாலும் தனியாகக் கொல்வதில்லை. மூச்சுக்குழாயின் உள்பூச்சைப் புண்ணாக்கி, சளியை வெளியே தள்ளும் மெல்லிய இழைகளை அழித்துவிடும். அதற்குப் பிறகு மன்ஹைமியா, பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கும். குட்டி சாவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கட்டத்தில்தான். லோரிப் பயணம், நெரிசல், சாணி மூத்திர நெடி எல்லாம் சேர்ந்தால் வேகம் கூடும்.

எங்களுக்கு வரும் மாதிரிகளில் பெரும்பாலானவை தவறான ஆட்டிலிருந்து வருகின்றன. ஆள்கள் மிகவும் மோசமாக இருக்கும் ஆட்டைப் பிடித்து மூக்கில் சுவாப் (குச்சி விட்டுச் சளி மாதிரி) எடுக்கிறார்கள். அது இருமத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும். வைரஸ் போய்விட்டது, பாக்டீரியாதான் மிச்சம். வைரஸ் மூக்கில் அதிகமாக இருப்பது காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாள்களில். அதனால் நாளை இருமப்போகும் ஆட்டைத் தேட வேண்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 40 டிகிரிக்கு மேல் இருந்து, மூக்கு இன்னும் தண்ணீராகவே ஒழுகினால், அந்த ஆடுதான் சரி. மஞ்சள் பொருக்கு கட்டிய ஆடு வேண்டாம்.

பஞ்சு சுற்றிய மரக்குச்சியும் வேண்டாம். அது சோதனையைக் கெடுக்கும். செயற்கை இழை நுனியும் பிளாஸ்டிக் காம்பும் உள்ள சுவாப் வேண்டும். மூக்கின் வெளி அழுக்கைத் துடைத்துவிட்டு, உள்ளே விட்டு, சுவரோடு அழுத்திச் சுற்றி எடுத்து, வைரஸ் கடத்தும் திரவம் உள்ள குழாயில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஃபிரீசரில் போடாதீர்கள். அரைகுறையாக உறைந்து கரைந்தால் வைரஸ் உடைந்துவிடும்.

#4 ரந்தாவ்_பட்டி

தம்பி, நன்றி. எங்கள் பட்டியில் பெரும்பாலும் மஞ்சள் கட்டிவிட்டது. இனி சுவாப் எடுத்துப் பயனில்லையா?

#5 ஆய்வகத்_தம்பி

வாய்ப்புக் குறைவு. ஆனால் ரத்தம் இருக்கிறது. இன்று சில ஆடுகளில் ரத்தம் எடுத்து, காதில் எண் போட்டு வையுங்கள். மூன்று வாரம் கழித்து அதே ஆடுகளில் மறுபடியும் எடுங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துச் சோதிப்போம். ஒரு வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்காவது ஏறியிருந்தால் அந்த வைரஸ் இப்போதுதான் வந்து போயிருக்கிறது. ஏறாமல் முதலிலிருந்தே உயர்ந்து இருந்தால் முன்பே வந்தது. சின்னக் குட்டிகளில் தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்பொருள் குழப்பும், அதனால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஆடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டி செத்தால் உடனே புதைக்காமல் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நுரையீரலில் நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சந்திக்கிற விளிம்பு எங்களுக்கு வேண்டும்.

#6 கோழிக்காரர்_கூலிம்

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோழிப் பண்ணையில் நாங்கள் ஒரு நாள்கூட எழுதாமல் இருக்க மாட்டோம். ஒவ்வொரு கொட்டகைக்கும் ஓர் அட்டை தொங்கும். செத்த கோழி எத்தனை, தீனி எத்தனை மூட்டை, தண்ணீர் மீட்டர் எவ்வளவு ஓடியது, முட்டை எத்தனை தட்டு. தண்ணீர் குடிப்பது குறைந்தால் அடுத்த நாள் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். இருமலுக்கு முன்பே தண்ணீர் மீட்டர் சொல்லிவிடும். ஐபி என்கிற தொற்றுச் சளி நோயில் முட்டை ஓடு சுருக்கம் விழும், உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும். வெள்ளைக் கழிச்சல் என்றால் தும்மலோடு பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல்.

இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கொட்டகைக்குள் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்போம். கோழிகள் அடங்கினதும் எங்கோ ஒரு மூலையிலிருந்து "க்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். பகல் இரைச்சலில் அது கேட்காது. அந்த மூலையிலிருந்துதான் மாதிரி எடுப்போம்.

2004ல் கிளந்தானில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்தபோது, எல்லை தாண்டி வந்த சண்டைச் சேவல்கள் வழியாக வந்திருக்கும் என்று பரவலாகப் பேசப்பட்டது. 2006ல் சிலாங்கூர், பேராக், பினாங்கு. 2007ல் சுங்கை பூலோ பக்கம். பெரிய பண்ணைகள் கவனமாக இருந்தும் கம்பத்து (கிராமத்து) வீட்டுக் கோழிகளில்தான் முதலில் தெரிந்தது. ஆகவே சின்ன ஆள்கள் எழுதி வைப்பது பெரிய பண்ணைக்காரனுக்கும் காப்புதான்.

#7 ஓய்வு_டிரஸ்ஸர்

எல்லாருக்கும் வணக்கம். போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டிரஸ்ஸராக, அதாவது தோட்டத்துக் கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள்தான் இந்த இழையைக் காட்டினாள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999ஐ மறந்துவிட்டு நெகிரி செம்பிலானில் யாரும் கால்நடை இருமலைப் பற்றிப் பேச முடியாது. கதை 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கம் தொடங்கியது. பன்றிப் பண்ணை ஆள்களுக்குக் காய்ச்சல், தலைவலி, மயக்கம், மூளை வீக்கம். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் கணக்குப் பொருந்தவில்லை. கொசுக் காய்ச்சல் என்றால் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வர வேண்டும். இங்கே விழுந்தவர்கள் பெரும்பாலும் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரிய ஆண்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பண்ணையை ஒட்டிக் குடியிருந்தும் பன்றி பக்கம் போகாதவர்கள் தப்பித்தார்கள். கொசு ஆள் பார்த்தா கடிக்கும்?

ஈப்போவில் நோய் வந்ததும் பன்றிகளை விற்றுத் தள்ளினார்கள். லோரி ஏறி அவை தெற்கே வந்தன. சிக்காமட், அப்புறம் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் சுங்கை நிப்பா நோயாளி ஒருவரின் மாதிரியிலிருந்து புது வைரஸைப் பிரித்தெடுத்தார். அதனால்தான் அதற்கு நிப்பா என்று பெயர். மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் போய்விட்டார்கள். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் இடத்தில் வேலை செய்தவர்கள் 11 பேருக்கு வந்து ஒருவர் இறந்தார். ராணுவத்தை இறக்கி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? அந்தப் பன்றிகள் இருமின. சும்மா இருமல் இல்லை, நாய் குரைப்பதுபோல் தூரத்திலிருந்தே கேட்கும். மூச்சு வாங்கும், வாய் திறந்திருக்கும். ஆனால் செத்தவை குறைவு, 100க்கு 5கூட இல்லை. செத்தால்தானே பார்ப்பார்கள்? இருமினால் சளி என்று விட்டுவிட்டார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து சாயங்காலம் பன்றிப் பண்ணைக்குக் கூலிக்குப் போய் வந்த நம் ஆள்கள் இருந்தார்கள். பால்மரம் வெட்டிக் கிடைக்கிற காசு போதாமல் போனவர்கள். அவர்கள் என் கிளினிக்கில் உட்கார்ந்து, "ஐயா, பண்ணை முழுக்க ஒரே இருமல், ராத்திரி தூங்கவே முடியவில்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு போய்ச் சேருவதற்கு ஓர் இடம் அப்போது இல்லை. கால்நடைக்காரர் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம். அந்த ஆள்களில் சிலர் திரும்பி வரவில்லை. இன்னும் அவர்கள் குடும்பங்களைக் கடைத்தெருவில் பார்க்கிறேன்.

அதனால் பட்டிக்காரத் தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியைச் சின்னக் கேள்வி என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

#8 செம்பனை_சிரம்பான்

ஐயா மன்னிக்கணும். ஆட்டுச் சளிக்கு நிப்பாவை இழுத்தால் சனங்கள் பயந்து ஆட்டுக்கறி வாங்க மாட்டார்கள். பிழைப்பு போய்விடும்.

#9 ஆய்வகத்_தம்பி

அண்ணே, பயம் வேண்டாம். 1999க்குப் பிறகு மலேசியாவில் நிப்பா மனிதரிலும் வரவில்லை, பண்ணைப் பன்றியிலும் வரவில்லை. அது தானாக நடந்ததும் இல்லை. அழித்து முடித்த பிறகு நாடு முழுக்கப் பன்றிப் பண்ணைகளில் ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு பண்ணையிலும் குறைந்தது மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை. வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் இருந்த இடங்களையும் சேர்த்து இன்னும் 50 பண்ணைகள் அதில் மாட்டின. அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் மறுபடியும் பற்றியிருக்கும்.

நிப்பாவின் வீடு பழந்தின்னி வௌவால். அப்போது பன்றிக் கொட்டகைக்கு மேலேயே பழமரங்கள் நின்றன, வௌவால் கடித்துப் போட்ட பழம் கீழே விழுந்தது. ஆட்டுக்கும் இந்தத் தொற்று வரக்கூடும் என்பது அந்த நேரத்திலேயே தெரிந்தது. அதனால் ரம்புத்தான், மா, கொய்யா மரங்களின் அடியில் பட்டி போடாதீர்கள். இது ஒன்று போதும், மற்றபடி உங்கள் ஆடு இருமுவதை நிப்பா என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

நாங்கள் உண்மையில் கண் வைத்திருப்பது ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் அது முதலில் தெரிந்ததே 1987ல் தமிழ்நாட்டில், விழுப்புரம் பக்கம். கடும் காய்ச்சல், கண் மூக்கு ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல், இருமல், எல்லாம் சேர்ந்து வந்து மந்தையைக் கொத்தாகச் சாய்க்கும். 2030க்குள் உலகத்திலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று பல நாடுகள் சேர்ந்து முயல்கின்றன. வாய்ப்புண்ணோடு இருமல் கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

#10 லோரிக்காரர்

எல்லாரும் லோரி லோரி என்கிறீர்கள், லோரிக்காரன் நான் பேசுகிறேன். தைப்பூசம் கழிந்தால் தோட்டத்துக் கோயில் திருவிழாக்கள், கிடா வெட்டு. அப்புறம் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான். அப்புறம் தீபாவளி. ஆடு ஓடுவது இந்தக் காலங்களில்தான். ஒரு லோடு ஆடு ஒரே பட்டியிலிருந்து கிடைக்காது. இங்கே ஐந்து, அங்கே எட்டு என்று பொறுக்கி ஏற்றுவோம். ராத்திரி ஒரு இடத்தில் ஒன்றாக அடைத்து வைப்போம். காலையில் பிரித்து இறக்குவோம். மாநிலம் விட்டு மாநிலம் போக பெர்மிட் வேண்டும், அது எடுப்போம். ஆனால் பெர்மிட்டில் எந்தப் பட்டி ஆடு எந்தப் பட்டி ஆட்டோடு ராத்திரி படுத்தது என்று எழுதுவதில்லை.

லோரி கழுவச் சொல்வார்கள். கழுவ இடம் எங்கே? ரோட்டோரம் கழுவினால் கம்பத்து ஆள்கள் சண்டைக்கு வருவார்கள். கிருமிநாசினியைச் சாணி மேலேயே ஊற்றிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

#11 ஆய்வகத்_தம்பி

அண்ணே, நீங்கள் சொன்னது எங்கள் அலுவலகத்தில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சாணி மேல் ஊற்றும் கிருமிநாசினி வேலை செய்யாது. சாணியே அதைக் குடித்துவிடும். முதலில் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, அலசி, அதன் பிறகு மருந்து, அப்புறம் வெயிலில் முழுக்கக் காய வேண்டும். இந்தச் சளி வைரஸ்கள் பலவற்றுக்கு மேலே கொழுப்புப் போர்வை உண்டு, சோப்பும் காய்ச்சலும் சேர்ந்தால் தாங்காது. காய்ச்சல் என்று நான் சொல்வது வெயிலில் காய வைப்பதை.

#12 பண்ணைத்_தொழிலாளி

நான் பன்றிப் பண்ணையில் வேலை செய்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். எங்களிடம் ஒவ்வொரு பன்றியையும் பிடித்து மூக்கில் குச்சி விடுவதில்லை. பன்றி போடும் கத்தலில் காது போய்விடும். பருத்திக் கயிறு ஒன்றைக் கூண்டுக் கம்பியில், பன்றியின் தோள் உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுவோம். பன்றிக்கு எதையாவது மெல்ல வேண்டும். ஒவ்வொன்றாக வந்து கடித்து மென்றுவிட்டுப் போகும். அரை மணி நேரத்தில் கயிறு எச்சிலில் ஊறிக் கனத்துவிடும். அதைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு மேலிருந்து கீழாகப் பிழிந்தால் பையின் மூலையில் கலங்கலாகத் தண்ணீர் சேரும். மூலையை வெட்டிக் குழாயில் ஊற்றினால் முடிந்தது. கூண்டில் இருக்கிற 25 பன்றிக்கும் சேர்த்து ஒரே மாதிரி. பிஆர்ஆர்எஸ் என்கிற மூச்சு, கருச்சிதைவு நோய், பன்றி இன்ஃப்ளுயன்சா வைரஸ் எல்லாம் இதிலேயே பார்க்கிறார்கள்.

இன்னொன்று. எங்களுக்குக் காய்ச்சல் இருந்தால் கொட்டகைக்குள் விட மாட்டார்கள், சம்பளம் பிடிக்காமல் லீவு. நம்மிடமிருந்தும் பன்றிக்குக் காய்ச்சல் போகும். 2009ல் உலகம் முழுக்கச் சுற்றிய எச்1என்1 பன்றிகளில் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த வைரஸ்களிலிருந்து வந்தது என்று எங்கள் மருத்துவர் சொல்வார்.

#13 ரந்தாவ்_பட்டி

கயிறு ஆட்டுக்கு ஆகுமா?

#14 ஆய்வகத்_தம்பி

பன்றிக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது. ஆட்டில் இன்னும் பழக்கத்தில் இல்லை. பால் மாட்டுக்கு வேறு வழி இருக்கிறது, மொத்தப் பால் தொட்டி. ஐபிஆர் என்கிற மாட்டுச் சளி நோயை ஒழித்த டென்மார்க் போன்ற நாடுகள் பால் தொட்டி மாதிரியைப் பெரிதும் நம்பின. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் டெக்சஸ், கன்சாஸ் பக்கம் கறவை மாடுகளில் எச்5என்1 தெரிந்ததும் பால் வழியாகத்தான். மாடு பெரிதாக இருமவில்லை. பால் திடீரென்று குறைந்தது, சீம்பால் மாதிரி மஞ்சளாகக் கெட்டியானது, பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. அந்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுக்கப் பாலைச் சோதிக்க உத்தரவு போட்டார்கள்.

எத்தனை ஆட்டில் எடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் தனிச் செய்தியில் கேட்டார்கள். பெரிய மந்தையில் 10ல் ஓர் ஆட்டுக்கு வைரஸ் இருந்தால், அதில் ஒன்றையாவது பிடித்துவிட 95 விழுக்காடு உறுதி வேண்டுமென்றால், 29 ஆடு. 20ல் ஒன்று என்றால் 59. 100ல் ஒன்று என்றால் 299. இது கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால். காய்ச்சல் பார்த்து ஆடு தேர்ந்தெடுத்தால் இவ்வளவு வேண்டாம். ஒரு பட்டியில் இரண்டு ஆட்டில் எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்தால், நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது.

#15 பால்காரம்மா_லாபு

தம்பி, நீங்கள் இன்னும் என் கேள்விக்கு வரவில்லை. பாலில் சோதனை என்றதும் எனக்கு வயிறு கலங்குகிறது. எங்கள் பாலைக் காய்ச்சித்தான் எல்லாரும் குடிக்கிறார்கள். ஆனால் "லாபு பாலில் வைரஸ் சோதனை" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டால் அடுத்த நாள் வாடிக்கையாளர் ஒருவரும் மிஞ்ச மாட்டார். நோயைச் சொல்கிறவன் நட்டப்பட வேண்டும், மறைக்கிறவன் நிம்மதியாக விற்க வேண்டும். இப்படி இருந்தால் எந்தக் கண்காணிப்பு நிற்கும்?

#16 ஆய்வகத்_தம்பி

அக்கா, உங்கள் கோபம் நியாயம். சட்டத்தை முதலில் சொல்கிறேன். 1953ஆம் ஆண்டு விலங்குச் சட்டத்தின்படி குறிப்பிட்ட சில நோய்களைத் தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் இருமுகிற எல்லா மாட்டையும் யாரும் அழிப்பதில்லை. பாராஇன்ஃப்ளுயன்சா, சின்சிஷியல் வைரஸ் போன்றவை வந்தால் தனிமைப்படுத்து, காற்றோட்டம் பார், அவ்வளவுதான். கால்நடைத் துறை ஆள் வந்தால் பார்ப்பது மாட்டை. நிலம் யாருடையது என்பதைத் தீர்க்க அவர் வருவதில்லை. ஆனாலும் கம்பெனிக்காரர்கள் அந்த வருகையைச் சாக்காக்கலாம் என்று நீங்கள் பயப்படுவதை என்னால் இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

#17 ஓய்வு_டிரஸ்ஸர்

பால்காரத் தங்கச்சி சொல்வதைத் தாண்டிக்கொண்டு போகக் கூடாது. 99ல் பன்றிகளை அவசர அவசரமாக விற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. அழித்துவிடுவார்கள், கடன் கழுத்தை நெரிக்கும் என்று பயந்தவர்கள். அந்தப் பயம்தான் வைரஸை லோரியில் ஏற்றியது. ஆகவே சொல்கிறவரைக் காப்பாற்ற ஓர் ஏற்பாடு இல்லாமல் குழாயும் குச்சியும் வாங்கிப் பயனில்லை.

என் யோசனை. பட்டி பெயர் வெளியில் வராமல், ஊர் அளவில் எழுதுவோம். ரந்தாவ், லாபு, சிரம்பான் பக்கம் என்று மட்டும். யார் பட்டி என்பது இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். நான் ஒருவன் இருக்கிறேன். என்னிடம் தோட்டத்துச் சனங்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், ஒன்றும் வெளியே போனதில்லை.

#18 கோழிக்காரர்_கூலிம்

ஐயா சொன்னது சரி. நான் ஒரு தாள் அடித்துத் தருகிறேன். தேதி, எந்த வகை, மொத்தம் எத்தனை, இருமுவது எத்தனை, செத்தது எத்தனை, கடந்த மூன்று வாரத்தில் உள்ளே வந்தது எங்கிருந்து, வெளியே போனது எங்கே. அதற்கு மேல் கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள். இருமலை எண்ண வேண்டும் என்றால் விடிகாலையில், பட்டியைத் திறப்பதற்கு முன்னால், ஐந்து நிமிடம் வெளியே நின்று எண்ணுங்கள். தினமும் அதே நேரம், அதே இடம்.

#19 செம்பனை_சிரம்பான்

ஐந்து நிமிடம் எனக்கும் முடியும். என் பட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது ஆட்டை மூன்று வாரம் தனியாக வைக்கச் சொல்கிறார்கள், எனக்கு இருப்பதோ ஒரே கொட்டகை.

#20 ஆய்வகத்_தம்பி

தனிக் கொட்டகை இல்லாவிட்டால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தக் கோடியில், தார்ப்பாய் போட்டு, பத்து இருபது அடி தள்ளிக் கட்டுங்கள். தனி வாளி. தீனி போடும்போது பழைய ஆட்டுக்கு முதலில், புது ஆட்டுக்குக் கடைசியில். அப்புறம் நேராக வீட்டுக்குப் போய்க் குளித்துவிடுங்கள். மூன்று வாரம் முடியாவிட்டால் இரண்டு வாரமாவது. ஊசி போடும்போது ஆட்டுக்கு ஆடு ஊசி மாற்றுங்கள். 99ல் பன்றிக்குப் பன்றி ஒரே ஊசியைப் பயன்படுத்தியதும் பரவக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

#21 ரந்தாவ்_பட்டி

இரண்டாவது ரத்தமும் போய், முடிவு வந்துவிட்டது. நான்கு பட்டிக்காரர்களும் சம்மதித்ததால் இங்கே போடுகிறேன். மூக்குச் சுவாப்பில் எதுவும் கிடைக்கவில்லை, தம்பி சொன்னதுபோல் தாமதம். செத்த குட்டியின் நுரையீரலில் மன்ஹைமியா. மூன்று பட்டிகளில் பாராஇன்ஃப்ளுயன்சா-3 எதிர்ப்பொருள் நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. நான்காவது பட்டியில் ஏறவில்லை. முதல் ரத்தத்திலேயே உயர்ந்துதான் இருந்தது. இதற்கு என்ன அர்த்தம் தம்பி?

#22 ஆய்வகத்_தம்பி

நான்காவது பட்டியின் பழைய ஆடுகளில் எடுத்ததா, லோரியில் வந்ததிலா?

#23 ரந்தாவ்_பட்டி

பழைய ஆடுகளில்.

#24 ஆய்வகத்_தம்பி

அப்படியென்றால் அந்தப் பட்டிக்கு வைரஸ் லோரி வருவதற்கு முன்பே வந்து போயிருக்கலாம். புது ஆடுகள் கொண்டுவந்தனவா, இல்லை ஊருக்குள் ஏற்கெனவே இருந்தது புது ஆடுகளில் ஏறிப் பெருகியதா, இந்த ரத்தத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. அந்தப் பட்டியில் முன்னால் இருமல் இருந்ததா என்று யாராவது எழுதி வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

#25 ரந்தாவ்_பட்டி

நான்காவது பட்டிக்காரரைக் கேட்டேன். தீபாவளிக்கு மூன்று நான்கு மாதம் முன்னால் "கொஞ்சம் சளி இருந்தது, தானாகப் போய்விட்டது" என்கிறார். எந்த மாதம் என்று அவருக்கே நிச்சயமில்லை. அந்தச் சமயத்தில் என் பட்டியிலிருந்து கிடா ஒன்று இனப்பெருக்கத்துக்காக அவர் பட்டிக்குப் போய் வந்ததும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது என்கிறார். லோரிக்கார அண்ணனை ஊர் முழுக்கக் குறை சொன்னோம். அதை இங்கே பதிய வைப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

#26 லோரிக்காரர்

பரவாயில்லை தம்பி. லோரியும் பரப்பும், அது எனக்குத் தெரியும். இனிமேல் ஒவ்வொரு லோடுக்கும் எந்தெந்தப் பட்டியில் ஏற்றினேன், எங்கே இறக்கினேன் என்று டிரஸ்ஸர் ஐயாவுக்கு மட்டும் அனுப்புகிறேன். எனக்கு வேண்டியது கழுவ ஓர் இடம். தண்ணீர் வேகம் இருக்க வேண்டும், அழுக்குத் தண்ணீர் ஆற்றில் விழக் கூடாது.

#27 பால்காரம்மா_லாபு

என் கன்றுகளையும் தாளில் சேர்த்துவிட்டேன். ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன். பால் மாதிரிக்கு இப்போதைக்கு நான் தயாரில்லை. கன்றுக்குக் காய்ச்சல் கண்டால் முதல் நாளே மூக்குச் சுவாப் எடுக்க விடுகிறேன். குழாய் எங்கே கிடைக்கும்?

#28 ஓய்வு_டிரஸ்ஸர்

குழாய்கள் என் வீட்டு ஃபிரிட்ஜில் கீழ்த் தட்டில் இருக்கின்றன தங்கச்சி, ஆய்வகத் தம்பி கொடுத்துவிட்டுப் போனார். எந்த நேரத்திலும் வாங்கிக்கொள்ளலாம். லோரி கழுவ, எங்கள் பழைய தோட்டத்து ரப்பர் ஸ்டோருக்கு முன்னால் சிமெண்டுத் தரையும் பெரிய அழுக்குத் தொட்டியும் இன்னும் நல்லபடி இருக்கின்றன. இப்போதைய மேனேஜரிடம் பேசினேன். ஞாயிறு காலையில் மட்டும், தோட்டத்து லோரிகள் ஓடாத நேரத்தில், திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார். தண்ணீர் பம்பைச் சரிபார்க்க வேண்டும். பம்ப் தெரிந்தவர் யாராவது இருந்தால் சனிக்கிழமை என்னோடு வாருங்கள்.

#29 செம்பனை_சிரம்பான்

நான் வருகிறேன் ஐயா. ஸ்பானர் கொண்டுவருகிறேன்.